அண்ணியின் முன்பற்கள்

அண்ணியின் பற்களை உடைத்துப் போடும்படி அவள் ஆண்டவரிடம் கேட்டது, வாய்க்கு வந்தபடி விட்ட சாபம் இல்லை. வேதத்திலேயே அப்படி ஒரு ஜெபம் இருக்கிறது. சங்கீதங்களில் ஒன்று, எதிரியின் வாய்க்குள்ளிருக்கும் பல்லைத் தகர்த்துவிடச் சொல்லி நேராகவே கேட்கிறது. காலையில் அடுப்படி மேசையில், தண்ணீர் கொதிப்பதற்குள் ஓர் அதிகாரம் என்று வாசித்து வந்தவள், அந்த வரியில் விரலை ஊன்றி நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"மேல் வரிசை, ஆண்டவரே," என்றாள். "முன்னாடி இருக்கறது."

முகம் வழித்துக்கொண்டிருந்த கணவர் பாதி நுரையோடு எட்டிப் பார்த்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். விடிந்ததும் கிளம்ப வேண்டும்.

"யார்கூட பேசிட்டிருக்கே?"

"ஜெபம் பண்றேன்."

"ஜெபம் மாதிரி இல்லையே. ஆர்டர் கொடுக்கற மாதிரி இருக்கு."

பற்களுக்கு ஆர்டர் எடுப்பதுதான் அவள் பிழைப்பு. பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் உட்கார்ந்து பல்செட் செய்கிறவள். அதனால் சபையில் எல்லோருக்கும் அவள் 'பல்லக்கா'. சின்னப் பிள்ளைகள் அவளைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வார்கள், பிடுங்கி எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று.

வேத வாசிப்பை அவள் ஒரு நாளும் விட்டதில்லை. சபையில் கொடுக்கும் அட்டவணைப்படி ஆதியாகமத்தில் தொடங்கி, லேவியராகமத்தில் கொட்டாவி விட்டு, வம்ச வரலாறுகளில் திக்கித் திணறி, வெளிப்படுத்தலில் வந்து முடிப்பாள். முடித்த மறுநாள் மறுபடி ஆதியாகமம். அந்த வருஷம் மட்டும் அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டாள். சங்கீதத்தை விட்டு நகரவே இல்லை. சத்துரு, பகைஞன், பொய் நாவு, கண்ணி வைக்கிறவன் என்று அதில் யார் வந்தாலும் அந்த இடத்தில் அண்ணியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். அளவெடுத்துத் தைத்தது மாதிரி அண்ணி எல்லா இடத்திலும் பொருந்தினாள்.

அண்ணி என்பது அவளுடைய கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. ரிட்டையர் ஆன டீச்சர். சபையில் மைக்குக்கு முன்னால் நிற்கிற வேலைகள் எல்லாம் அவர் வசம். வேத பாடம் வாசிப்பது அவர். பெண்கள் ஐக்கியத்தை நடத்துவது அவர். ஜெபிக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. ஆனால் குரல் நன்றாக இருக்கும். அதைப் பல்லக்காவே ஒப்புக்கொள்வாள். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

நடந்தது இதுதான். பல்லக்காவின் மகள் புருஷனை விட்டு வந்தாள். ஏன் வந்தாய் என்று கேட்டால் "ஒத்து வரலம்மா" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வராது. தாய் துருவித் துருவிக் கேட்டாள். மகள் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆனால் ஒரு மத்தியானம் அத்தை வீட்டுக்குப் போனவள், அங்கே எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறாள். சின்ன வயதிலிருந்தே அத்தை என்றால் அவளுக்கு உயிர். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொல்லியிருக்கிறாள்.

அடுத்த பெண்கள் ஐக்கியத்தில் ஜெப விண்ணப்பம் கேட்கிற நேரம் வந்தது. அண்ணி மைக்கைக் கையில் எடுத்து, கண்ணை மூடி, குரலை உருக்கிக்கொண்டு ஆரம்பித்தார். "ஆண்டவரே, எங்க வீட்டுப் பிள்ளை ஒருத்தி. புருஷன் பிடிச்சுத் தள்ளினதுல வயித்துல இருந்த குழந்தையைப் பறிகொடுத்துட்டு வந்து நிக்கிற பிள்ளை..."

மகளின் வயிற்றில் ஒரு குழந்தை இருந்தது என்பதையும், அது போனது என்பதையும், எப்படிப் போனது என்பதையும் பெற்றவள் முதன்முதலாக ஒலிபெருக்கி வழியாகத் தெரிந்துகொண்டாள். மண்டபம் நிறையப் பெண்கள். சிலர் கண்ணைத் திறந்து அவள் பக்கம் பார்த்தார்கள். ஒருத்தி உச்சுக்கொட்டினாள். பல்லக்கா எழுந்து வெளியே வந்து, வாசலில் யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அவள் போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. மகள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு கம்பெனியில் வேலை. அன்றைக்குப் போனவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அண்ணன் சமாதானம் பேச வந்தார். "அவ ஜெபத்துக்குத்தானே சொன்னா. கெட்ட எண்ணமா இருந்தா சபையில சொல்வாளா?"

"கெட்ட எண்ணமா இருந்தா தெருவுல சொல்லியிருப்பாங்க. நாலு பேரோட போயிருக்கும்," என்றாள். "நீ கிளம்புண்ணா."

அதோடு இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு நின்றது. கோவிலுக்குப் போனாலும் இவள் கடைசி வரிசை, அண்ணி முதல் வரிசை. காணிக்கைப் பை வரும்போது மட்டும் இரண்டு பேரும் ஒரே பையில் கை விட்டார்கள்.

இந்த நிலைமையில்தான் ஒரு நாள் கணவர் வேனை நிறுத்திவிட்டு, சாப்பிடக்கூட உட்காராமல் சொன்னார். "உங்க அண்ணி விழுந்துட்டாங்களாம்."

"எங்க?"

"சபையிலதான். கூட்டத்துல பேச எழுந்திருக்காங்க, மைக் வயர் கால்ல மாட்டி, பிரசங்க மேடை விளிம்புல போய் வாய் இடிச்சு... ரெண்டு பல்லு போச்சாம். முன்னாடி. மேல் வரிசை."

கையிலிருந்த கரண்டியை அவள் பாத்திரத்திலேயே விட்டாள். முதலில் நெஞ்சுக்குள் ஏதோ ஜில்லென்று பரவியது. சந்தோஷம்தான்; அதற்கு வேறு பெயர் கிடையாது. அதற்குப் பின்னாலேயே, ஒரு படி தள்ளி, பயம் வந்தது. ஆர்டர் கொடுத்தபடியே வந்திருக்கிறது.

"சிரிக்கிறியா நீ?" என்றார் கணவர்.

"இல்ல."

"சிரிக்கிற மாதிரிதான் இருக்கு."

"அப்ப சிரிக்கிறேன்னே வச்சுக்குங்க."

அண்ணி வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். போகவில்லை. பல்லக்கா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் டாக்டர் அவரிடம் படித்த பையன். 'என் ஸ்டூடண்ட் இருக்கான், நான் எதுக்கு வேற யார் கால்லயும் விழணும்?' என்று சொல்லிக்கொண்டே உரிமையோடு உள்ளே நுழைந்திருக்கிறார். பின்னறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. யோசித்து, இவளெல்லாம் ஒரு ஆளா என்று வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

மிச்ச வேரையும் எடுத்து, புண் ஆறும்வரை காத்திருந்து, டாக்டர் அளவெடுத்தார். அளவு அச்சு பின்னறைக்கு வந்தது. பல்லக்கா அதில் சுண்ணம் போல இறுகும் கல்மாவைக் கரைத்து ஊற்றி, இறுகவிட்டு, அச்சைப் பிரித்தாள். மேசை மேல் அண்ணியின் வாய் இருந்தது. வெள்ளையாக, இரண்டு பல் இடைவெளியோடு. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அந்த வாய் பேசாமல் அவள் முன்னால் இருந்தது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

டாக்டர் தலையை நீட்டினார். "அக்கா, வர்ற ஞாயித்துக்கிழமை டீச்சர் சர்ச்ல ஏதோ விசேஷக் கூட்டத்துல வாசிக்கணுமாம். மெழுகுல வச்சுப் பாக்கறதுக்கு நேரமில்ல. நேரா முடிச்சுக் கொடுத்துடுங்க. நீங்கன்னா எனக்குக் கவலை இல்ல."

மெழுகில் பல்லைப் பதித்து நோயாளியின் வாயில் ஒருமுறை வைத்துப் பேச வைத்துப் பார்ப்பது வழக்கம். அதுதான் தப்பைப் பிடிக்கிற இடம். இங்கே பிடிக்க ஆளில்லை.

அவள் முதலில் ஒழுங்காகத்தான் பதித்தாள். நிறம் பொருத்தினாள், உயரம் பார்த்தாள், பக்கத்துப் பல்லோடு வரிசை பிடித்தாள். பிறகு கத்தியை ஸ்பிரிட் விளக்கில் காட்டிச் சூடாக்கி, இரண்டு பல்லையும் ஒரு மயிரிழை முன்னால் தள்ளினாள். பல்லுக்குப் பின்னால், நாக்கு போய்த் தொடுகிற அண்ணத்தில், நகத்தால் கீறியது மாதிரி மெல்லிய வாய்க்கால் ஒன்று இழுத்தாள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாப்பிட்டால் தெரியாது. சிரித்தால் தெரியாது. பேசும்போது மட்டும், அதுவும் சகரம் வருகிற இடத்தில், காற்று அந்த வாய்க்காலில் புகுந்து ஓடும்.

செய்யும்போது பாட்டுகூட முணுமுணுத்தாள். மெழுகின் இடத்தில் பிளாஸ்டிக் கலவையை நிரப்பி வேகவைத்து, எடுத்து, தேய்த்து, பளபளப்பு ஏற்றி, தண்ணீர் டப்பாவில் போட்டு முன்னறைக்கு அனுப்பினாள்.

"அழகா இருக்குக்கா," என்று அங்கிருந்து டாக்டரின் குரல் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபை நிரம்பியிருந்தது. வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். அண்ணி பட்டுச் சேலையில் எழுந்து, மைக் வயரை நன்றாகப் பார்த்து ஒதுக்கி, மேடையேறி நின்றார். எல்லோருக்கும் எப்போதும் சொல்கிற வணக்கத்தைச் சொன்னார்.

"ஸ்தோத்திரம்."

குக்கர் விசில் மாதிரி ஒன்று ஒலிபெருக்கியிலிருந்து கிளம்பி மண்டபத்தின் மறுகோடி வரை போனது. பிரசங்கியார் மைக்கைப் பார்த்தார். மைக் போடுகிற ஆள் ஓடிவந்து எதையோ திருகினான். அண்ணி தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். "சகோதர சகோதரிகளே..." இரண்டு விசில். முன்வரிசைப் பிள்ளைகள் வாயைப் பொத்தினார்கள். வாசிக்க வேண்டிய பகுதி தீர்க்கதரிசனப் புத்தகத்தில் இருந்தது. வரிக்கு வரி சேனையும் சீயோனும் சந்ததியும். பாதிக்கு மேல் அவரால் முடியவில்லை. யாரோ ஒரு பெரியவர் தோளைத் தொட்டு, புத்தகத்தை வாங்கிக்கொண்டு மிச்சத்தை வாசித்தார்.

கடைசி வரிசையில் பல்லக்கா குனிந்து உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கியது. பக்கத்திலிருந்தவள் அழுகிறாள் என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அந்தச் சிரிப்பு திங்கட்கிழமை வரை தாங்கியது. செவ்வாய்க்கிழமை காய்கறிக் கடையில் பாஸ்டரம்மா அவளை ஓரமாக இழுத்தார். "ஏம்மா, பல்லு நீதானே பண்ணே? எல்லாரும் சொல்றாங்க. உன் பொண்ணு விஷயத்துக்காகத்தான் இப்படிப் பழி வாங்கிட்டேன்னு. அந்தக் குழந்தை கலைஞ்சது உண்மைதானா? அப்ப நான் ஊர்ல இல்ல, எனக்கு முழுசாத் தெரியாது."

அவளுக்கு முகத்தில் யாரோ சூடான மெழுகை ஊற்றினது போல இருந்தது. "என் பொண்ணு பேச்சை எடுக்காதீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு, வாங்கின காயைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். அவளாகக் கூப்பிடுவது அபூர்வம்.

"பல்லுல என்னம்மா பண்ணே?"

"உனக்கு யார் சொன்னது?"

"யார் சொல்லல? கூடப் படிச்சவ ஒருத்தி, எப்பவும் பேசாதவ, இன்னைக்குக் கூப்பிட்டு 'எப்படி இருக்கே'ன்னு இழுக்கறா. எல்லாரும் மறந்துட்டாங்கம்மா. நானே கொஞ்சம் மறந்திருந்தேன். நீ விசில் அடிச்சு எல்லாரையும் எழுப்பி விட்டுட்டே."

"அவ உன்னை அப்படிப் பேசினதுக்கு..."

"எனக்காகன்னு சொல்லாதே." மகளின் குரல் ஏறவில்லை, ஏறியிருந்தால் தாங்கியிருப்பாள். "அத்தையும் எனக்காகத்தான் ஜெபம் பண்ணாங்க. நீயும் எனக்காகத்தான் பல்லு பண்ணியிருக்கே. ரெண்டு பேரும் தயவு செஞ்சு எனக்காக எதுவும் பண்ணாதீங்க."

போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை பல்லக்கா வேதத்தைத் திறக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. தண்ணீர் கொதித்தது, அடங்கியது, அவள் மேசையில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள். சங்கீதத்தைத் திறக்கப் பயமாக இருந்தது. இனிமேல் அதில் சத்துரு என்று வருகிற இடத்தில் யாரை நிறுத்துவது என்று தெரியவில்லை.

"என்ன, ஆண்டவரோட டூவா?" என்றார் கணவர்.

"உங்க வேலையைப் பாருங்க."

"என் வேலைதான் இது. வீட்ல ஒருத்தி பேய் மாதிரி உக்காந்திருந்தா வண்டி எப்படி ஓட்டறது?"

எரிச்சலில்தான் அட்டவணையை எடுத்தாள். அன்றைய தேதிக்கு மத்தேயு போட்டிருந்தது. மலைமேல் உட்கார்ந்து பேசுகிற பகுதி. சத்துருவை நேசிக்கச் சொல்கிற இடம் அதில் வரும் என்று தெரியும். அதற்குப் பதில் தயாராக வைத்திருந்தாள்: 'உமக்கு அண்ணி இல்லை, ஆண்டவரே.' ஆனால் அந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே வேறொன்றில் மாட்டிக்கொண்டாள். காணிக்கை செலுத்தப் போகும்போது, உன் சகோதரனுக்கு உன்மேல் ஏதாவது குறை இருப்பது ஞாபகம் வந்தால், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்கிற இடம். எத்தனையோ தடவை வாசித்ததுதான். எப்போதும் அதை அண்ணிக்கு அனுப்பி வைக்க வேண்டிய வசனமாகவே வாசித்திருக்கிறாள். அன்றைக்குத்தான் வார்த்தையைக் கவனித்தாள். உனக்கு அவர்மேல் குறை இருந்தால் என்று அங்கே இல்லை. அவருக்கு உன்மேல்.

இத்தனை நாள் குறை அவளிடம் இருந்தது. அது அவளுடைய சொத்து மாதிரி இருந்தது. இரண்டு பல்லை மயிரிழை நகர்த்தியதில் அதை அவளே தூக்கி அண்ணி கையில் கொடுத்திருக்கிறாள்.

"நல்லா இருக்கு நியாயம்," என்றாள் புத்தகத்தைப் பார்த்து. "அவங்க ஆரம்பிச்சாங்க. நான் போய் நிக்கணுமா?" பக்கத்தை மூடினாள். கோபம் கொஞ்சமும் குறையவில்லை. கோபத்தோடேயே செருப்பை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டர் அப்போதுதான் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். "அந்த டீச்சர் பல்லு," என்றாள். "அது தானா விசில் அடிக்கல. நான் பண்ணது. வேணும்னே."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கையுறையைக் கழற்றித் தொட்டியில் எறிந்தார்.

"பேஷண்ட் வாய்லயா விளையாடுனீங்க? அதுவும் எங்க டீச்சர்!" பிறகு, அது தப்பான காரணம் என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். "டீச்சரை விடுங்க. யார் வாயா இருந்தா என்ன? உங்களை நம்பி ஒரு தடவைகூட விரல் விட்டுப் பாக்காம கொடுத்தேனே. இன்னிக்கே உங்களைப் போகச் சொல்லணும்."

"சொல்லுங்க."

"சொல்றேன். முதல்ல இதை முடிங்க. புதுசா, முறைப்படி, மெழுகுல வச்சுப் பாத்து. நீங்களே அவங்க முன்னாடி வந்து உண்மையைச் சொல்லி, நீங்களே வச்சுப் பாத்து சரி பண்றீங்க. நான் பக்கத்துலயே நிப்பேன்."

அண்ணி வந்தார். வாய்க்கு முன்னால் கைக்குட்டை. நாற்காலியில் சாய்ந்தவர், பின்னறைக் கதவு திறந்து நாத்தனார் வருவதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இவ எதுக்கு இங்க?"

பல்லக்கா நின்ற இடத்திலிருந்தே சொன்னாள். "அந்த விசில் நான் வச்சது அண்ணி. தெரிஞ்சே வச்சேன். அது தப்பு. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எனக்குத் தெரியாதா?" கைக்குட்டையை எடுத்தார். இடைவெளி தெரிந்தது, அவர் இப்போது மறைக்கவில்லை. "முதல் விசில்லயே தெரியும் எனக்கு. நான் விழுந்தது கூட நீ வேண்டிக்கிட்டதாலதான் இருக்கும்."

"ஆமா. வேண்டிக்கிட்டேன்."

டாக்டர் திரும்பி நின்று எதையோ தேடுவது போல இருமினார்.

"பாத்தியாப்பா? இவ வீட்ல தினம் வேதம் வாசிக்கிறாளாம்! வேதம் வாசிக்கிற வாயா இது?"

"உங்க வாயும் வேதம் வாசிக்கிற வாய்தான். அதுல என் பொண்ணு என்ன ஆனான்னு ஊருக்கே தெரியும்."

"நான் ஜெபத்துக்குச் சொன்னேன்!"

"நானும் ஜெபம்தான் பண்ணேன்."

வெளியே காத்திருப்பவர்களில் ஒரு குழந்தை அழுதது. டாக்டர், "வேணும்னா வேற லேபுக்கு அனுப்பிடறேன் டீச்சர்," என்றார்.

அண்ணி யோசித்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார். "வேண்டாம். கெடுத்தவளே சரி பண்ணட்டும். நான் கண்ணை மூட மாட்டேன், பாத்துக்கிட்டே இருப்பேன்."

பல்லக்கா கை கழுவி, கையுறை போட்டு, மெழுகில் பதித்த பல்லை அண்ணியின் வாயில் வைத்தாள். அண்ணி இமைக்காமல் அவளையே பார்த்தார். கடித்துவிடுவாரோ என்று ஒரு கணம் தோன்றியது. கடிக்கவில்லை. உதட்டை விலக்கி, உயரம் பார்த்து, விரலை எடுத்தாள்.

"பேசிப் பாக்கணும். சகரம் வர்ற வார்த்தை ஏதாவது சொல்லுங்க."

"என்ன சொல்லணும்?"

"எதுவானாலும். நீங்க வழக்கமா சொல்றதே..."

"உன் மூஞ்சியைப் பாத்து ஸ்தோத்திரம் சொல்ல எனக்கு வாய் வராது," என்ற அண்ணி, நன்றாக யோசித்து, நிறுத்தி, அழுத்திச் சொன்னார். "சத்துரு."

மெல்லிய சீறல் வந்தது. "இருக்கு இன்னும்," என்று பல்லக்கா அதை எடுத்து, கத்தியைச் சூடாக்கி, பல்லுக்குப் பின்னால் ஒரு துளி மெழுகு சேர்த்தாள். மறுபடி வைத்தாள். "இன்னொண்ணு."

"சதிகாரி."

"பரவாயில்ல. இன்னும் கொஞ்சம்." எடுத்து வழித்தாள், வைத்தாள். "சொல்லுங்க."

"சனியன். சூனியக்காரி."

"சூனியக்காரியில சத்தம் இல்ல. சனியன்ல இருக்கு. நாக்கைத் தள்ளாதீங்க."

டாக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெழுகை அவள் மறுபடி எடுத்தாள். இந்தத் தடவை அவசரப்படவில்லை. வேலையில் இறங்கிவிட்டால் அவளுக்கு யார் வாய் என்பது மறந்துபோகும்; அன்றைக்கு மறக்கவில்லை, ஆனால் கை தன் பாட்டுக்கு நடந்தது. பல்லை மயிரிழை உள்ளே கொண்டுவந்து, அண்ணத்தைச் சமனாக்கி, குளிர்ந்த தண்ணீரில் முக்கி வைத்தாள்.

"இப்ப."

அண்ணி வாய் திறக்கவில்லை. திட்டுவதற்கு வார்த்தை தேடுகிறார் என்றுதான் பல்லக்கா நினைத்தாள். கண் இன்னும் அவள் மேலேயே இருந்தது.

"சொல்லியிருக்கக் கூடாது," என்றார்.

சத்தம் இல்லை. சுத்தமாக வந்தது.

"சபையில சொல்லியிருக்கக் கூடாது."

பல்லக்காவின் விரல் அப்படியே நின்றது. பிறகு வாயிலிருந்து மெழுகை எடுத்து, மாதிரியில் வைத்தாள். "சரியா இருக்கு," என்றாள். குரல் கரகரத்தது, அதற்காகவும் கோபம் வந்தது. "எங்கிட்ட சொல்லிப் பிரயோஜனம் இல்ல. கேக்க வேண்டியவ வேற ஊர்ல இருக்கா."

அண்ணி கைக்குட்டையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டார். "உங்கிட்ட யார் சொன்னா? பல்லு சரியா இருக்கான்னு பாத்தேன்."

புதுப் பல்லை இரண்டு நாளில் முடித்தாள். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து, உள்பக்கம் விரலால் தடவி, தன் அண்ணத்தில் வைத்துக்கொள்ளாத குறையாகப் பரிசோதித்துவிட்டுத்தான் கொடுத்தார். வேலையை விட்டு அவளை அனுப்பவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவள் கையிலிருந்து போகும் ஒவ்வொரு பல்லையும் அப்படித் தடவிப் பார்த்துத்தான் அனுப்பினார். 'நீங்கன்னா எனக்குக் கவலை இல்ல' என்ற வார்த்தையைத் திரும்பச் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. பாஸ்டரம்மா இன்னொரு தடவை வாயைக் கிளறியபோது, "பொண்ணுக்காக இல்ல, என் கெட்ட புத்தியில பண்ணேன். விஷயம் அவ்வளவுதான்," என்று கூட்டத்துக்கு நடுவிலேயே சொன்னாள். கெட்ட புத்தி என்று ஒருத்தி தானாக ஒப்புக்கொண்டால் அதற்கு மேல் பேச எதுவும் இருப்பதில்லை, கூட்டம் கலைந்தது.

அண்ணி மறுபடி மேடையேறி வாசித்தார். குரல் பழையபடி மண்டபத்தை நிறைத்தது. இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு வார்த்தை திரும்பவில்லை. வழியில் எதிரே வந்தால் அண்ணி தலையை ஒரு பக்கம் திருப்புவார், இவள் மறுபக்கம்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு சாயங்காலம் மகளிடமிருந்து போன் வந்தது.

"அத்தை இங்க வந்திருந்தாங்க."

பல்லக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "எங்க?"

"ஆபீஸ் வாசல்ல. எனக்குத் தெரியாது. மத்தியானத்துலருந்து நின்னிருக்காங்க. செக்யூரிட்டி உள்ள விடல. சொல்லி அனுப்பவும் இல்ல. நான் வேலை முடிஞ்சு வெளிய வந்தப்பதான் பாத்தேன்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"என்ன சொன்னாங்க?"

"மன்னிச்சுடுன்னாங்க." மகள் கொஞ்சம் நிறுத்தினாள். "நான் முடியாதுன்னேன்."

பல்லக்காவுக்கு ஏதோ சொல்லலாம் என்று நாக்கு வரை வந்தது. எந்தப் பக்கம் சாய்ந்து சொன்னாலும் அது மகளுக்காகச் செய்வதாகிவிடும் என்று விழுங்கிக்கொண்டாள்.

"அழுதாங்கம்மா. எனக்கு அழுகை வரல. முடியாது, இப்போதைக்கு முடியாது, போங்கன்னேன். சரின்னுட்டுத் திரும்பி நடந்தாங்க. குடைகூடக் கொண்டு வரல. கொட்டுது இங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. ஆட்டோவைப் பிடிச்சு பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். வழியில ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசல. பஸ் கிளம்பற வரைக்கும் நின்னேன்."

"உக்கார இடம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது," என்றாள் மகள். "ஜன்னலோரம். தண்ணி உள்ள அடிக்குது, கண்ணாடியைச் சாத்துங்கன்னு வெளிய நின்னு கத்தினேன். அவங்களுக்குக் கேக்கல. ஏறிப் போய் நானே சாத்திட்டு இறங்கினேன்."